ஆஃப் லைசென்ஸ் பறிபோகுமா? கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனிலும் வெளியூர்களிலும் ஆஃப் லைசென்ஸ் கடை, அதாவது மது வாங்கி வெளியே கொண்டுபோகும் கடை, நடத்தும் எங்கள் தமிழ் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், லைசென்ஸ் கொடுக்கும் உள்ளூர்க் கவுன்சிலின் விசாரணைக்குத் துணையாகப் போவதும் என் வேலை. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதுவும் கவுன்சிலின் கடிதம் வந்து பல நாள் கழிந்த பிறகு, கடை பூட்டிவிட்டு இரவில் பதறிக்கொண்டு ஃபோன் எடுப்பார்கள். முன்கூட்டியே வாசித்து வைத்திருந்தால் எத்தனையோ கடைகள் தப்பியிருக்கும் என்பதால் இவற்றை எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம் பற்றியது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

1. லைசென்ஸ் எண்டா எது? சுவரில தொங்கிறதோ, என்ர பேரில இருக்கிற கார்ட்டோ?

இரண்டும்தான். கவுன்சில் கடைக்குக் கொடுப்பது கடை லைசென்ஸ். காசு வாங்கும் ரில்லுக்குப் பின்னால் தொங்குவது அதன் சுருக்கம் மட்டுமே. முழுப் பத்திரமும் கடையில் இருக்க வேண்டும். நிபந்தனைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். பலருடைய கடையில் அந்தப் பத்திரம் பழைய பில் கட்டுகளுக்குள் கிடக்கிறது. இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். கமராப் பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும், 6.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர் விற்கக் கூடாது என்பதுபோல் ஏதாவது அதில் எழுதியிருந்தால், அதை மீறுவது குற்றம்.

கார்ட் உங்கள் ஆள் லைசென்ஸ். விண்ணப்பக் கட்டணம் 37 பவுண். 2015 ஏப்ரலில் இருந்து அதற்குக் காலாவதித் திகதி இல்லை. ஆள் லைசென்ஸ் உள்ள ஒருவர் கடைக்கு டி.பி.எஸ். ஆக, அதாவது பொறுப்பாளராக, பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் எந்நேரமும் கடையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பாளர் என்று ஒருவர் பதிவில் இல்லாத நாளில் ஒரு பியர் ரின்கூட விற்க முடியாது.

2. இடைநிறுத்தம், இரத்து, காலாவதி எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. இடைநிறுத்தினால் லைசென்ஸ் உயிரோடு இருக்கும், குறித்த காலத்துக்கு அதைப் பாவிக்க முடியாது. இரத்துச் செய்தால் அது முடிந்தது. மீண்டும் வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காலாவதி என்பது விசாரணை, வாக்குவாதம் எதுவும் இல்லாமல் சட்டப்படி தானாகவே நடப்பது. என்னைக் கேட்டால் மூன்றிலும் ஆபத்தானது அதுதான். இரத்துக்கு முன்னர் உங்களுக்குப் பல கடிதங்கள் வரும், காலாவதிக்கு ஒன்றும் வராது. அதைப் பன்னிரண்டாம் கேள்வியில் சொல்கிறேன்.

3. கவுன்சில் நினைச்ச உடன லைசென்ஸைப் பறிக்கலாமோ?

முடியாது. யாராவது 'ரிவியூ', அதாவது லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பொலிஸ், டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (கடைகளின் வியாபாரத்தைக் கண்காணிக்கும் பிரிவு), உள்துறை அமைச்சு, சுற்றாடல் சுகாதாரப் பிரிவு போன்றவை கேட்கலாம். கவுன்சிலின் லைசென்சிங் பிரிவே கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கலாம். 2012இல் இருந்து, கேட்பவர் கடைக்கு அருகில் வசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் காரணம் நான்கில் ஒன்றோடு பொருந்த வேண்டும்: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, அயலுக்குத் தொல்லை தடுப்பது, பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பது. எதிர்க் கடைக்காரர் தன் வியாபாரம் குறைகிறது என்று எழுதினால் அது எடுபடாது. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் விண்ணப்பம், திருப்பித் திருப்பி அதையே சொல்லும் விண்ணப்பம் ஆகியவற்றையும் கவுன்சில் தள்ளிவிடலாம்.

விண்ணப்பத்தின் பிரதி உங்களுக்கு வரும். கடைக்கு அருகில் இள நீல நிறத்தில், ஏ4 தாளுக்குக் குறையாத அளவில், கவுன்சில் ஓர் அறிவித்தல் ஒட்டும். அதைக் கிழிக்காதீர்கள். அது 28 நாள் இருக்கும். அந்த 28 நாளுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். உங்களுக்கும் அதே 28 நாள்தான். வாடிக்கையாளர்கள், அயலவர்கள், பக்கத்துத் தேவாலயப் போதகர் என்று உங்கள் கடையை அறிந்தவர்கள் ஆதரவாக எழுதவும் அதே காலம்தான். அது முடிந்து 20 வேலை நாட்களுக்குள் விசாரணை தொடங்கும். வழக்கமாக மூன்று கவுன்சிலர்கள் இருந்து கேட்பார்கள்.

4. விசாரணைக்கு லோயர் இல்லாமல் போகலாமோ? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது.

போகலாம். சட்டம் படித்தவரோ இல்லையோ, யாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக விதி இடம் தருகிறது. உங்கள் மகள் பேசலாம், கணக்காளர் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். நீங்கள் வருவீர்களா, யாரைக் கூட்டி வருவீர்கள் என்பதை விசாரணைக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும்.

பேப்பர்களையும் முன்கூட்டியே அனுப்புங்கள். விசாரணை மேசையில் புதிதாக ஒன்றைத் தூக்கி வைத்தால், மற்றப் பக்கம் சம்மதித்தால் மட்டுமே அதைப் பார்ப்பார்கள். இரத்து வரை போகக்கூடிய வழக்கு என்றால் லைசென்சிங் தெரிந்த சட்டத்தரணியை வைப்பது நல்லது. வீடு வாங்க உதவிய சட்டத்தரணி இதற்குச் சரிவர மாட்டார்.

5. கடைசியில என்னென்ன முடிவு வரலாம்?

நிபந்தனைகளை மாற்றலாம் அல்லது கூட்டலாம். லைசென்ஸில் உள்ள ஒரு செயலை, உதாரணமாக மது விற்பனையை, நீக்கலாம். டி.பி.எஸ்.ஸை விலக்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்படாமல் இடைநிறுத்தலாம். இரத்துச் செய்யலாம். ஒன்றும் செய்யாமல் எச்சரித்து விடவும் முடியும்.

எதைச் செய்தாலும் அது பிரச்சினைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அதனால், 'இனிமேல் கவனமாக இருப்போம்' என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். என்ன மாற்றிவிட்டீர்கள் என்று காட்டுங்கள்: வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவு, திருத்திய கமரா, புதிய பொறுப்பாளர். நீங்களே கடுமையான நிபந்தனைகளை எழுதி முன்வைத்தால், இரத்துக்குப் பதிலாக அதைத் தெரிவு செய்ய கவுன்சிலர்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது.

6. ரில்லில நிண்ட பெடியன் தெரியாமல் ஒருக்கா 17 வயசுப் பிள்ளைக்கு வித்திட்டான். கடையைப் பூட்டுவினமோ?

ஒரு தடவைக்கு லைசென்ஸ் போவது அரிது. ஆனால் விற்றது குற்றம்தான், விற்றவர்தான் முதலில் மாட்டுவார். அவருக்கு அந்த இடத்திலேயே 90 பவுண் தண்டம் எழுதலாம், வழக்கும் போடலாம். பொலிஸும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுப்பிச் சோதனை வாங்கல் செய்வார்கள். அப்படி அனுப்ப அவர்களுக்குச் சட்டத்தில் அனுமதி உண்டு.

அடுத்தடுத்த மூன்று மாதத்துக்குள் ஒரே கடையில் இரண்டு தடவை நடந்தால் கதை மாறும். அப்போது குற்றம் லைசென்ஸ்காரர் மேல் வரும். தண்டத்துக்கு உச்சவரம்பு இல்லை. நீதிமன்றமே மூன்று மாதம் வரை மது விற்பனையை இடைநிறுத்தலாம். வழக்குக்குப் பதிலாக 48 மணித்தியாலத்திலிருந்து 336 மணித்தியாலம் வரை, அதாவது இரண்டு வாரம் வரை, மது விற்பனையை நிறுத்தும் அறிவித்தலைத் தரவும் வாய்ப்புண்டு. அதை ஏற்றுக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு வராது. ஆனாலும் ரிவியூ கேட்க அவர்களுக்குத் தடை இல்லை.

உங்களைக் காப்பாற்றுவது மறுப்புப் புத்தகம்: திகதி, நேரம், என்ன கேட்டார்கள், ஏன் கொடுக்கவில்லை, யார் மறுத்தது. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்பது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வாரமும் சில வரிகளாவது சேரும். விசாரணைக்கு முதல்நாள் இரவு ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில் நிரப்பிய பக்கங்களைக் கவுன்சிலர்கள் பார்த்த உடனே கண்டுகொள்வார்கள். அப்படிச் செய்வதைவிட வெறும் புத்தகத்தைக் கொடுப்பது மேல்.

7. வருஷக் காசு கட்ட மறந்துபோனன். அதுக்கும் நிப்பாட்டுவினமோ?

கட்டாயம் நிறுத்துவார்கள். இதில் கவுன்சிலுக்குத் தெரிவே இல்லை. லைசென்ஸ் கிடைத்த திகதி வருடாவருடம் வரும்போது கட்டணம் கட்ட வேண்டும். கடையின் வரி மதிப்பைப் பொறுத்து அது 70 பவுணிலிருந்து 350 பவுண் வரை. பெரும்பாலான சிறு கடைகளுக்கு 180 அல்லது அதற்குள். கட்டாவிட்டால், இன்ன நாளிலிருந்து இடைநிறுத்தம் என்று குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னறிவித்தல் தருவார்கள். தொகையில் சர்ச்சை இருந்தாலோ, நிர்வாகத் தவறு நடந்தாலோ, அதைத் தீர்க்க 21 நாள் உண்டு. காசு கட்டினால் இடைநிறுத்தம் நீங்கும், விசாரணை எதுவும் இல்லை.

8. இடைநிறுத்தின நாட்களில கடையே திறக்கக் கூடாதோ?

பால், பாண், மரக்கறி எல்லாம் விற்கலாம். மது மட்டும் கூடாது. பலர் கவனிக்காத ஒன்று: விற்காமல் இருந்தால் மட்டும் போதாது. விலை ஒட்டிய போத்தல்களை விற்பனைக்கு வைத்ததுபோல் அலுமாரியில் விடுவதே தனிக் குற்றம். போத்தல்களை எடுத்துப் பூட்டி வையுங்கள். முடியாவிட்டால் அலுமாரியையும் பிரிட்ஜையும் முழுதாக மூடி, மது விற்பனை இல்லை என்று எழுதி ஒட்டுங்கள். அந்தக் காலத்தில் விற்றால் ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத் தண்டம், அல்லது இரண்டும். வழக்கமான வாடிக்கையாளர் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

9. 'இண்டைக்கே மது விற்பனை நிப்பாட்டு' எண்டு பொலிஸ் வந்து நிக்குது. 28 நாள் எண்டு சொன்னியள்?

மூன்றாம் கேள்வியில் சொன்னது சாதாரண ரிவியூ. பாரதூரமான குற்றம், பெரிய ஒழுங்கீனம் என்று சுப்ரின்டென்டன்ட் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரி சான்றிதழ் கொடுத்தால் அவசர ரிவியூ வரும். கவுன்சில் 48 மணித்தியாலத்துக்குள் இடைக்கால நடவடிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். வார இறுதியும் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது. உங்களைக் கேட்காமலேயே லைசென்ஸை இடைநிறுத்தலாம், அது உடனே அமுலுக்கு வரும். எதிர்த்து எழுதினால், எழுதி 48 மணித்தியாலத்துக்குள் உங்களைக் கேட்க வேண்டும். முழு விசாரணை 28 நாளுக்குள்.

பலரும் அறிந்த உதாரணம் லண்டன் ஃபாப்ரிக் இரவு விடுதி. 2016இல் போதைப்பொருளோடு தொடர்புபட்ட இரண்டு இளைஞர் மரணங்களுக்குப் பிறகு பொலிஸ் அவசர ரிவியூ கேட்டது. லைசென்ஸ் முதலில் இடைநிறுத்தப்பட்டு, செப்டெம்பரில் இஸ்லிங்டன் கவுன்சிலால் இரத்தானது. மேல்முறையீடு போட்ட நிலையில் இரு பக்கமும் பேசி, புதிய நிபந்தனைகளோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2017 ஜனவரியில் விடுதி திறந்தது. அவ்வளவு பெரிய வழக்கே பேசித் தீர்ந்திருக்கிறது. மேல்முறையீடு போட்ட பிறகும் கவுன்சிலோடு கதைக்கும் கதவு திறந்துதான் இருக்கும்.

10. ஒருத்தர் வான் வண்டியில கொண்டுவந்து வொட்கா மலிவாத் தாறார். எல்லாரும் வாங்கினம்தானே?

வாங்காதீர்கள். வரி கட்டாத மதுவும் சிகரெட்டும் வைத்திருப்பது, உள்துறை அமைச்சின் வழிகாட்டலில் மிகப் பாரதூரமான காரணங்களின் வரிசையில் இருக்கிறது. முதல் தடவையிலேயே இரத்தை யோசிக்கச் சொல்லும் வகை அது. 2017 ஏப்ரலில் இருந்து, வரித் திணைக்களம் அங்கீகரித்த மொத்த வியாபாரியிடம் மட்டுமே கடைக்காரர் மது வாங்கலாம். அவருடைய அங்கீகார இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். அது உண்மையானதா என்று திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்க முடியும். வான் வண்டியில் வருபவர் பில் தரமாட்டார்.

பில் இல்லாத ஒரு பெட்டிக்காக, வருடக்கணக்காகக் கட்டிய கடையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிச்சப்படுத்திய காசு சட்டத்தரணியின் முதல் கடிதத்துக்கே காணாது.

11. ஸ்டூடண்ட் விசாவில வந்த எங்கட சொந்தக்காரப் பெடியன் உதவிக்கு நிக்கிறான். கையில காசு குடுக்கிறன். இதுக்கும் லைசென்ஸுக்கும் என்ன?

நிறையவே இருக்கிறது. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதற்கு மேல் போனால் அது சட்டவிரோத வேலை. 2017 ஏப்ரலில் இருந்து உள்துறை அமைச்சு தானே ரிவியூ கேட்கலாம். வேலை உரிமை இல்லாதவரைத் தெரிந்துகொண்டே வேலைக்கு வைத்திருப்பதும், பத்தாம் கேள்வியில் சொன்னது போல, முதல் தடவையே இரத்தை யோசிக்க வேண்டிய காரணம். தனியாக, 2024 பெப்ரவரியில் இருந்து ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை, மறுபடி நடந்தால் 60,000 பவுண் வரை தண்டம்.

'வழக்கே போடவில்லையே, எப்படி இரத்துச் செய்யலாம்?' என்று கேட்பார்கள். 2016இல் ஈஸ்ட் லிண்ட்சே மாவட்ட கவுன்சிலின் வழக்கில் உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அங்கும் வேலை உரிமை இல்லாத ஒருவர் உணவகத்தில் கையில் காசு வாங்கி வேலை செய்தார். யார் மேலும் வழக்குப் போடப்படவில்லை. ஆனால் குற்றத்தைத் தடுப்பது என்பது இனி நடக்கக்கூடியதையும் பார்ப்பது. அதற்குத் தண்டனைத் தீர்ப்பு தேவையில்லை என்று நீதிமன்றம் கவுன்சிலின் பக்கம் நின்றது. சொந்தக்காரப் பிள்ளைக்கு உதவ வேண்டும் என்ற மனம் நல்லது. வேலை உரிமையை முதல் நாளுக்கு முன்னரே சரிபார்த்து, பிரதி வைத்து, சம்பளச் சீட்டோடு உதவுங்கள். அது அவனுடைய விசாவுக்கும் பாதுகாப்பு.

12. கம்பனியை கம்பனீஸ் ஹவுஸ் பதிவில இருந்து எடுத்துப்போட்டுது. கடை வழக்கம்போல ஓடுது. பிரச்சினையோ?

பெரிய பிரச்சினை. கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸ் பெயரை எடுத்துக் கம்பனி கலைந்த அன்றே அதன் பெயரில் இருந்த லைசென்ஸ் காலாவதி. அன்றிலிருந்து விற்ற ஒவ்வொரு போத்தலும் அனுமதியில்லா விற்பனை. கணக்கை நேரத்துக்குக் கொடுக்காமல் விட்டதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. கணக்காளரின் கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். லைசென்ஸ்காரர் இறந்தாலோ, வங்குரோத்து ஆனாலோ, கடன் தீர்க்கக் கம்பனியைக் கலைக்கும் லிக்விடேஷனுக்குப் போனாலோ இதே கதைதான்.

காலாவதியான நாளுக்கு மறுநாளிலிருந்து 28 நாளுக்குள், உடனே அமுலாக வேண்டும் என்ற கோரிக்கையோடு வேறு பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தால் லைசென்ஸ் உயிர்க்கும். இறப்பு, வங்குரோத்து போன்றவற்றில், அதே 28 நாளுக்குள் இடைக்கால அதிகார அறிவித்தல் கொடுத்து மூன்று மாத அவகாசமும் எடுக்கலாம். அப்பா இறந்த வீட்டில் லைசென்ஸைப் பற்றி யார் நினைப்பார்கள்? அதனால்தான் சொல்கிறேன், இந்த 28 நாளைக் குடும்பத்தில் இன்னொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

13. ரிவியூ வந்திட்டுது. மனுசியின்ர பேருக்கு லைசென்ஸை மாத்திவிட்டால் தப்பலாமோ?

தப்ப முடியாது. ரிவியூ லைசென்ஸைப் பற்றியது. பெயர் மாறினாலும் அது தொடரும். பொலிஸ் 14 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம், பெரும்பாலும் ஆட்சேபிப்பார்கள். கடையை உண்மையாகவே வேறொருவருக்கு விற்றிருந்தால் குத்தகைப் பத்திரம், வங்கிக் கணக்கு, கொடுத்த காசின் பதிவு எல்லாவற்றையும் காட்டுங்கள். புதியவர் வந்து பொறுப்பெடுப்பதைக் கவுன்சிலர்கள் சாதகமாகப் பார்ப்பதுண்டு. அதே ஆள் அதே ரில்லில் நின்றுகொண்டு காகிதத்தில் மட்டும் பெயர் மாறினால், இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

14. கலியாண வீட்டால வரேக்க குடிச்சிட்டு ஓட்டினதுக்குத் தண்டனை. கடைக்கு ஒண்டும் வராதுதானே?

வரலாம். மது போதையில் ஓட்டுவது, ஆள் லைசென்ஸைப் பாதிக்கும் குற்றப் பட்டியலில் இருக்கிறது. ஆள் லைசென்ஸ் இருப்பதை நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. தண்டனையை லைசென்ஸ் கொடுத்த கவுன்சிலுக்கும் அறிவிக்க வேண்டும். நீதிமன்றம் ஆறு மாதம் வரை அதை நிறுத்தலாம் அல்லது பறிக்கலாம். 2017இல் இருந்து கவுன்சிலுக்கும் அதே அதிகாரம் உண்டு. முதலில் அறிவித்தல் தந்து, பதில் சொல்ல 28 நாள் கொடுக்க வேண்டும்.

இனி முதல் கேள்வியின் பதிலை இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்களே டி.பி.எஸ். என்றால், உங்கள் கார்ட் நின்ற நிமிடம் கடையின் மது விற்பனையும் நின்றுவிடும். வழக்குத் திகதிக்கு முன்னரே வேறொருவரை டி.பி.எஸ். ஆக்குங்கள். கட்டணம் 23 பவுண். உடனடி அமுல் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரு கடையில் குறைந்தது இரண்டு பேரிடமாவது ஆள் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

15. இரத்து எண்டு முடிவு வந்திட்டுது. அப்பீல் போட்டால் அதுவரைக்கும் விக்கலாமோ?

சாதாரண ரிவியூ என்றால் விற்கலாம். முடிவு எழுத்தில் கிடைத்ததிலிருந்து நீதவான் நீதிமன்றத்தில் மேல்முறையிட 21 நாள் உண்டு. அந்த 21 நாளும், மேல்முறையீடு போட்டால் அது முடியும் வரைக்கும், இரத்து அமுலுக்கு வராது. அவசர ரிவியூவில் அப்படி இல்லை. அங்கே இடைக்கால இடைநிறுத்தத்தை மேல்முறையீடு முடியும் வரை நீடிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

காலம் கடத்துவதற்காக மட்டும் மேல்முறையிடாதீர்கள். கவுன்சிலின் முடிவு பிழை என்று நீங்கள்தான் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். தோற்றால் கவுன்சிலின் செலவையும் கட்டச் சொல்லலாம். முடிவுக்குப் பின் கடையில் என்ன திருந்தியிருக்கிறது என்று காட்ட முடிந்தால் போடுங்கள்.

16. எல்லாம் போச்சு. தற்காலிக நோட்டிஸ் போட்டு வித்துக்கொண்டு, புதுசா எடுக்கலாமோ?

தற்காலிக நிகழ்வு அறிவித்தல், அதாவது கடை லைசென்ஸ் இல்லாமல் சில நாள் மட்டும் மது விற்கக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் நோட்டிஸ், 21 பவுண்தான். ஒரு இடத்துக்கு வருடத்தில் 15 தடவை, மொத்தம் 21 நாள். இரத்தான கடைக்கு அதைப் போட்டால் பொலிஸ் மூன்று வேலை நாளுக்குள் ஆட்சேபிக்கும், கவுன்சில் மறுப்பு அறிவித்தல் தரும். கடைசி நேரத்தில் போட்ட அறிவித்தலுக்கு விசாரணைகூடக் கிடையாது, ஓர் ஆட்சேபத்தோடு முடிந்துவிடும்.

புதிய கடை லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அடுத்த வாரமே போடலாம், ஆனால் அதே ஆட்கள் அதே நான்கு காரணங்களை வைத்து எதிர்ப்பார்கள். முந்திய இரத்துத் தீர்ப்பை எடுத்து, அதில் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் இப்போது என்ன செய்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை அனுப்ப முன்னர் பொலிஸின் லைசென்சிங் அதிகாரியோடும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸோடும் கதையுங்கள். அவர்கள் கேட்கும் நிபந்தனைகளை நீங்களே விண்ணப்பத்தில் சேர்த்துக் கொடுங்கள். அவர்களிடமிருந்து ஆட்சேபம் வராமல், வேறு யாரும் எதிர்த்து எழுதாமல் 28 நாள் போனால், விசாரணை இல்லாமலே லைசென்ஸ் கிடைத்துவிடும்.